அந்தச் சட்டையின் மேலிருந்து மன்னர் பெயரை எடுங்கள்: மரபு மைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. லண்டனில் உள்ள நம் மையத்தின் முகப்புக் கூடத்தில் வைக்கவிருக்கும் சீட்டித்துணிக் (பூ வேலைப்பாடு வரைந்தோ அச்சிட்டோ சாயமேற்றிய பருத்தி, ஆங்கிலத்தில் சின்ட்ஸ்) குழந்தைச் சட்டைக்கு, ‘இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் குழந்தை அணிந்தது’ என்ற விளக்க அட்டையையே வைப்பது என்று கைதூக்கி நிறைவேற்றினீர்கள். அதற்கு எதிராக நான் எழுத்தில் கொடுத்த அறிக்கை கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை. ‘இது குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது’ என்று மட்டும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. இது கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பக்கம் துணியில் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றுகள் இருக்கின்றன. மறுபக்கம் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். உள்ளே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நம் மையத்தில் துணிப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் நான். அதற்கு முன் இந்த நகரத்து அருங்காட்சியகம் ஒன்றின் துணிக் கிடங்கில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். குழந்தைத் தொப்பிகள், கையுறைகள், ஞானஸ்நான உடைகள் என்று என் கை வழியே நிறையப் போயிருக்கின்றன. அவற்றோடு வரும் ‘இது இளவரசருடையது’, ‘இது ராணி கொடுத்தது’ என்ற சீட்டுகளும் அதே அளவுக்கு வந்தன. குழந்தை உடையைப் போல் அரச கதை ஒட்டிக்கொள்ளும் பொருள் வேறில்லை. பழைய வீட்டுப் பெட்டியில் நுணுக்கமான தையலோடு ஒரு சின்னஞ்சிறு சட்டை கிடைத்தால், இவ்வளவு அழகான பொருள் நம்மைப் போன்ற சாதாரண வீட்டுக்கு எப்படி வந்திருக்கும் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு பாட்டி பதில் சொல்கிறாள், பேத்தி அதை எழுதிவைக்கிறாள், கொள்ளுப்பேத்தி ஏலத்துக்குக் கொடுக்கிறாள். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அரண்மனையில் கழித்த துணிகள் செவிலியருக்கும் பணிப்பெண்களுக்கும் உரிமையாகப் போகும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது உண்மை. அந்த வழக்கம் இருந்தது என்பதாலேயே ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பது அரண்மனைத் துணி ஆகிவிடாது.

நம் சட்டையோடு வந்த ஆதாரம் என்ன? தட்டச்சு செய்த ஒரு சீட்டு. ‘மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குழந்தை அணிந்த சட்டை, அரண்மனைச் செவிலியாக இருந்த எங்கள் முன்னோர் வழியாக வந்தது.’ இவ்வளவுதான். தட்டச்சு இயந்திரங்கள் விற்பனைக்கு வந்ததே 1870-களில். மூன்றாம் ஜார்ஜின் கடைசிக் குழந்தை அமீலியா பிறந்தது 1783-இல். ஆக, நமக்குத் தெரிந்த முதல் சாட்சியம் நிகழ்ச்சிக்குக் குறைந்தது கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் கழித்து, யாரோ பெயர் தெரியாத ஒருவர் அடித்துவைத்தது. செவிலியின் பெயர் அதில் இல்லை. எந்த அரண்மனை என்று இல்லை. எந்தக் குழந்தை என்றுகூட இல்லை. மூன்றாம் ஜார்ஜுக்கும் சார்லட் ராணிக்கும் 1762 முதல் 1783 வரை 15 குழந்தைகள் பிறந்தார்கள். பதினைந்து பேரில் யாருக்கு என்று சொல்லத் தெரியாத சீட்டை வைத்துக்கொண்டு நாம் மன்னர் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறோம்.

ஏல நிறுவனத்தின் பட்டியலில்கூட ‘குடும்பத்தில் சொல்லப்பட்டு வருவதன்படி’ என்ற சொற்கள் இருந்தன. விற்பவரே வைத்திருந்த அந்த எச்சரிக்கையை வாங்கிய நாம் நீக்கியிருக்கிறோம். அழைப்பிதழ் நகலில் அது இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாளிலும் இல்லை. என்னை அதிகம் வருத்தியது அந்தப் பயிற்சித் தாள்தான்.

அடுத்தது சட்டம். 1721-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, வண்ணம் அச்சிட்ட, வரைந்த பருத்தித் துணிகளை நாட்டுக்குள் அணிவதையும் பயன்படுத்துவதையும் தடுத்தது. 1722 கிறிஸ்துமஸ் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அணிபவருக்கு 5 பவுண்டு அபராதம், விற்பவருக்கு 20 பவுண்டு. இந்தியத் துணி தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் 1719-இல் தெருவில் சீட்டி அணிந்து போன பெண்களைத் துரத்தி, மேலே மையும் அமிலமும் ஊற்றியதன் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது. 1774-இல்தான் தளர்ந்தது. மூன்றாம் ஜார்ஜின் முதல் பத்துக் குழந்தைகளும் அந்தத் தடை இருந்தபோதே பிறந்தவர்கள். தடை இருந்ததால் அரண்மனையில் சீட்டி இருந்திருக்கவே முடியாது என்று நான் வாதாடவில்லை. தடையை மீறி வீட்டுக்குள் அணிந்தவர்கள் ஏராளம், பெரிய இடத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. ஆனால் ‘மன்னரின் குழந்தை இதை அணிந்தது’ என்று சொல்பவர், மன்னர் வீட்டிலேயே சட்டத்தை மீறினார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதற்குச் சான்று காட்டும் பொறுப்பு அவருடையது. என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இதை எழுதியிருந்தேன்.

‘துணி பழுப்பேறியிருக்கிறதே, அதுவே பழமைக்குச் சாட்சி’ என்று ஓர் உறுப்பினர் சொன்னதாக அறிந்தேன். இதற்கு அரச குடும்பமே பதில் வைத்திருக்கிறது. விக்டோரியா ராணியின் மூத்த மகளுக்கு 1841 பிப்ரவரி 10 அன்று ஞானஸ்நானம் நடந்தபோது தைத்த உடை, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டும் ஹானிட்டன் லேஸும் கொண்டது. 2004 வரை அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதையே அணிவித்தார்கள். துணி தாங்காது என்ற நிலை வந்ததும் அதேபோல் ஒரு புது உடை தைத்து 2008 முதல் பயன்படுத்துகிறார்கள். புதுத் துணிக்குப் பழைய நிறம் வருவதற்காக அதைத் தேநீரில் தோய்த்தார்கள் என்று அதைத் தைத்த அரண்மனை உடையலங்காரப் பொறுப்பாளரே சொல்லியிருக்கிறார். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, எது பழையது, எது நகல் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நிறம் எதற்கும் சாட்சியாகாது என்பதற்காகச் சொல்கிறேன். உண்மையான அரச உடைக்கு நாள், இடம், தைத்தவர், அணிந்தவர் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. விக்டோரியாவின் உள்ளாடைகள் ஏலத்துக்கு வரும்போதுகூட, வாங்குபவர்கள் முதலில் தேடுவது கிரீடமும் அவருடைய பெயரெழுத்துகளும் பின்னிய குறியைத்தான். நம் சட்டையில் குறி எதுவும் இல்லை. தையல் ஓரங்களை ஒவ்வோர் அங்குலமாக உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அரசர் பெயர் ஒட்டிய துணியை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு இதே ஊரில் முன்மாதிரி இருக்கிறது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டபோது அணிந்திருந்ததாகச் சொல்லப்படும் பட்டுப் பின்னல் மேற்சட்டை லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெல்லிய நீலப்பச்சை நிறம். முன்பக்கம் கறைகள். உடன் இருந்த மருத்துவர் வழியாக வந்தது என்ற குறிப்பும் அதற்கு உண்டு. நம் சீட்டைவிடப் பல மடங்கு வலுவான வரலாறு. ஆனாலும் கறைகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு உறுதியாக வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் காட்டினார்கள். அதனால் அதைப் பார்க்க வந்தவர்கள் குறைந்துவிடவில்லை.

மரபுக் கதைகள் எல்லாமே பொய் என்று சொல்கிற கட்சியும் நான் இல்லை. ஹியர்ஃபோர்ட்ஷரில் பேக்டன் என்ற சின்னக் கிராமத்துத் தேவாலயத்தில் பூவேலை செய்த ஒரு பழைய பீடத்துணி நெடுங்காலம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. முதலாம் எலிசபெத்தின் தொட்டில் பருவத்திலிருந்தே அவருக்குப் பணிசெய்த பிளாஞ்ச் பாரியின் ஊர் அது. ராணியோடு தொடர்புள்ள துணி என்று ஊரில் சொல்லிவந்தார்கள். 2016-இல் அரண்மனை உடை வரலாற்று ஆய்வாளர் ஒருவர் போய்ப் பார்த்தார். வெள்ளி இழை ஓடும் பட்டு, உடைக்காக வெட்டிய வடிவங்கள், சாயங்களின் பகுப்பாய்வு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின. ராணியின் உடைப் பகுதியாக இருக்கலாம் என்று அறிவித்து, பராமரித்து, 2019-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே ஊர்க்கதைக்குத் துணியே சாட்சி சொன்னது. நம் சட்டையும் தெளிவாகத்தான் சாட்சி சொல்கிறது. ஆனால் அது சொல்வது வேறு கதை. அந்தக் கதையை நீங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டை ஒரு சாண் நீளம்தான் இருக்கும். வெள்ளைத் தரையில் சிவப்புப் பூக்கள், கறுப்புக் கோடு, நீல இலைகள். அந்த இலைகள் வரையப்பட்டபோது நீலமாக இருந்திருக்காது. முதலில் அவுரி நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சளைத் தூரிகையால் தடவிப் பச்சை வரவழைப்பது சீட்டி வரைபவர்களின் முறை. மஞ்சள் நிலைக்காது, வெளுத்துப்போகும். தையலுக்குள் மடிந்திருக்கும் ஓரிடத்தில் வெளிச்சமே படாததால் இன்னும் பச்சை தங்கியிருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

அச்சு வேலையானால் ஒரே கட்டை திரும்பத் திரும்ப விழுந்து, எல்லாப் பூவும் ஒரே அளவில் இருக்கும். இதில் ஒரு பூவைப் போல் இன்னொன்று இல்லை. கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மயிரிழையாகப் போகிறது. கை ஓய்ந்து மறுபடி சாயம் தொட்டு ஆரம்பித்த இடங்கள்கூடத் தெரிகின்றன. வெள்ளைத் தரையில் ஆங்காங்கே நீல நரம்புபோல் ஓடுவது, சாயம் படாமலிருக்கப் பூசிய மெழுகு விரிசல் விட்ட இடத்தில் அவுரிச் சாயம் புகுந்த தடம். பக்கத் தையலுக்குள் துணியின் கரை கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 1774 முதல் 1811 வரை பிரிட்டனில் நெய்த முழுப்பருத்தித் துணிகளின் கரையில் அடையாளத்துக்காக மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்று சட்டம் இருந்தது. இந்தக் கரையில் அப்படி எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, இது சோழமண்டலக் கடற்கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய துணி என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு அக்காலத்துக் குறிப்புகளே இருக்கின்றன. பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1730-களில் புதுச்சேரியில் ஒரு துணி முழுமை அடைவதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்துவைத்தார். கேர்டூ பாதிரியார் 1742-இல் எழுதிய கடிதத்தில் இதே செய்முறை விரிவாக வருகிறது. வெளுத்த துணியைக் கடுக்காயும் பாலும் சேர்த்த நீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். ஊசியால் துளையிட்ட தாளை அதன்மேல் விரித்துக் கரித்தூள் தட்டினால் உருவம் இறங்கும். மூங்கில் எழுதுகோலால் இரும்பு ஊறிய காடி தொட்டுக் கறுப்புக்கோடு, படிகாரம் தொட்டுச் சிவப்புக்கோடு. பிறகு சாயவேர் காய்ச்சிய நீரில் இறக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நடுவே பலமுறை வெளுப்பு, பலமுறை வெயில். சாயவேருக்காகக் கடற்கரை மணலில் குனிந்து தோண்டியவர்கள், துணி நெய்தவர்கள், வெளுத்தவர்கள், வரைந்தவர்கள் என்று ஒரு துணிக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள்! நம் அட்டையில் இவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தைத்த கையும் பேசுகிறது. முன்பக்கத்துப் பெரிய பூ நெஞ்சுக்கு நடுவில் வராமல் பாதியாக வெட்டுப்பட்டு, மீதிப் பாதி இடது கைக்குள் போயிருக்கிறது. முதுகில் மூன்று துண்டுகள் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக ஓடுகின்றன. அது ஒரு பெரியவருடைய பாவாடையின் கொசுவ மடிப்பு இருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். கிழிந்தோ பழசாகியோ போன பெரியவர் உடையில் நல்ல இடங்களைத் தேடி எடுத்து, ஒரு துண்டையும் வீணாக்காமல் குழந்தைக்குத் தைத்திருக்கிறாள் ஒருத்தி. அக்குளில் விரல்நகம் அளவுக்கு ஓர் ஒட்டு இருக்கிறது. அந்த ஒட்டிலும் பூவின் காம்பு மூலத்துணியின் காம்போடு சேரும்படி திருப்பி வைத்துத் தைத்திருக்கிறாள். கீழ் ஓரத்தில் முன்பு மடித்துத் தைத்திருந்ததைப் பின்னால் பிரித்துவிட்டிருக்கிறார்கள், மடிப்புக்குள் இருந்த பட்டை மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறது. குழந்தை வளர்ந்திருக்கிறது, அல்லது அடுத்த குழந்தைக்குப் போயிருக்கிறது. அரண்மனையிலும் துணியைச் சிக்கனமாகப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் இது துணியின் அருமை தெரிந்து பார்த்துப் பார்த்துத் தைத்த ஒருத்தியின் வேலை என்பதை நீங்களும் மறுக்க முடியாது. அவளைத்தான் அட்டையிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

தடையே இல்லாத நெதர்லாந்தில் இத்தகைய சீட்டிச் சட்டைகள் சாதாரணக் குடும்பங்களில் புழங்கின. ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் ஹின்டெலோபன் ஊர்ப் பெண்கள் சீட்டி உடைக்குப் பெயர் போனவர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றி, இந்தத் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனது. நம் சட்டை இங்கிலாந்துச் செவிலியின் பெட்டியிலிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், டச்சு மாலுமி ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு வாய்ப்பு கூடுதல் என்றே வெட்டுமுறையைப் பார்த்து நினைக்கிறேன். இதையும் ஆராயச் சொல்லித்தான் கேட்கிறேனே தவிர, அட்டையில் முடிவாக எழுதச் சொல்லவில்லை.

‘சாதாரணக் குழந்தையின் சட்டை என்றால் யார் பார்க்க வருவார்கள்?’ என்று செயலாளர் அம்மா என்னிடம் கேட்டார். இந்தக் கேள்விக்கு நம் மையத்திலிருந்து ரயிலில் போய் வரக்கூடிய தூரத்திலேயே பதில் இருக்கிறது. லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற குழந்தைகள் காப்பகம் 1741-இல் கைவிடப்படும் குழந்தைகளை ஏற்க ஆரம்பித்தது. தாய் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் அடையாளம் காண்பதற்காகக் குழந்தையின் உடையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டை வெட்டிப் பதிவுத் தாளில் குத்திவைத்தார்கள். அப்படிச் சேர்ந்த துண்டுகள் சுமார் 5,000 இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாதாரண மக்களின் துணிகள் பிரிட்டனில் இவ்வளவு மொத்தமாக வேறெங்கும் மிஞ்சவில்லை. 1767 பிப்ரவரியில் ஒரு தாய், பல துணித்துண்டுகளை ஒட்டித் தைத்து, அதில் ஓர் இதயம் பின்னி, அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைத் தன் மகனோடு விட்டுப்போனாள். 1775 ஜூனில் மறுபாதியோடு வந்து மகனைத் திரும்ப அழைத்துப்போனாள். அவள் பெயர் சாரா பெண்டர். திரும்பி வர முடிந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் ஒருத்தி. 2010-இல் அந்தத் துண்டுகளைக் காட்சிக்கு வைத்தபோது அங்கே மன்னர் பெயர் ஒன்றும் இல்லை. மக்கள் வந்தார்கள், நின்று படித்தார்கள். பின்னர் அதே காட்சி அமெரிக்காவுக்கும் போனது. யாரும் அரசராக ஆகாத குழந்தைகளின் உள்ளங்கை அளவுத் துணிகள்!

எந்த எழுத்தாதாரமும் இல்லாத அரச கதையை நம் சட்டைக்கு மாட்டும்போது, இப்படிப்பட்ட ஒரு தாயையும் குழந்தையையும் வரலாற்றிலிருந்து அழிக்கிறோம். அரசர்களின் உடைகள் காப்பாற்றப்பட்டன, குறித்துவைக்கப்பட்டன. மற்றவர்களின் குழந்தைத் துணி தேய்ந்து, கிழிந்து, கந்தலாகித் தாள் ஆலைக்குப் போனது. தப்பித்தவறி ஒன்று மிஞ்சினால், அதையும் தூக்கி அரண்மனைக் கணக்கில் எழுதிவிடுவதா?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்த மடலைப் படித்துவிட்டு, மன்னர் பெயரை எடுத்து அதே இடத்தில் ‘தமிழர் கைவண்ணம்’ என்று பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கு ஊர்களிலும் சீட்டி வரைந்தார்கள். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகப்பட்டினம் துறைகளிலிருந்தும் துணி போனது. ஒரு துணியை மட்டும் பார்த்து இந்த ஊர்க்காரர் வரைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆதாரமில்லாத பெருமையை எடுத்துவிட்டு ஆதாரமில்லாத இன்னொரு பெருமையை வைப்பதற்காக நான் இவ்வளவு எழுதவில்லை.

இந்தச் சட்டையை வாங்க நிதி கொடுத்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். மளிகைக் கடை வைத்திருப்பவர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள், முதியோர் இல்லங்களில் இரவு வேலை பார்க்கும் பெண்கள். மன்னர் பெயர் இருந்ததால்தான் ஏலத்தில் விலை ஏறியது. நாளைக்கு வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டால், இவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? இதோடு சேர்த்து, துணியை வைத்திருக்கும் முறையையும் பாருங்கள். பிளாஸ்டிக் பொம்மைக்கு மாட்டி, மேலே விளக்கைத் திருப்பிவிட்டிருக்கிறீர்கள். சாயத் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் பொதுவான வரம்பு. நான் அளந்தபோது அதைவிடப் பல மடங்கு இருந்தது. வெளிச்சத்தில் போன நிறம் திரும்பாது. சீட்டைக் குத்திவைத்த ஊசி துருப்பிடித்து, துணியிலும் செம்புள்ளி விழுந்திருக்கிறது. அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை. தை மாதத் திறப்பு விழாவுக்கு முன் இப்போதைய விளக்க அட்டையை எடுத்துவிட்டு, கீழ்க்கண்டவாறு மாற்றுங்கள்: ‘சீட்டித்துணிக் குழந்தைச் சட்டை. துணி சோழமண்டலக் கடற்கரையில் 18-ஆம் நூற்றாண்டில் கையால் வரைந்து சாயமேற்றப்பட்டது. பெரியவர் உடை ஒன்றிலிருந்து வெட்டித் தைக்கப்பட்டது. அணிந்த குழந்தை யாரென்று தெரியவில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு உரியது என்ற குடும்பச் செய்திக்கு எழுத்தாதாரம் கிடைக்கவில்லை.’ அந்தத் தட்டச்சுச் சீட்டை ஒளிக்க வேண்டாம். அதையும் பக்கத்தில் வைத்து, அது எப்போது எழுதப்பட்டிருக்கலாம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

அழைப்பிதழையும் பள்ளிப் பயிற்சித் தாளையும் அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள். பயிற்சித் தாளில் சாயவேர், அவுரி, கடுக்காய் பற்றி ஒரு பக்கம் நானே எழுதித் தருகிறேன். துருப்பிடித்த ஊசியை எடுக்கவும், சட்டையைப் பொம்மையிலிருந்து இறக்கி அமிலமற்ற தாள் விரித்த தட்டில் படுக்கவைக்கவும், விளக்கைக் குறைக்கவும் இந்த வாரமே அனுமதி கொடுங்கள். இதற்குச் செலவு அதிகமில்லை. டச்சுச் சீட்டி உடைகளை நன்கறிந்த வெளி ஆய்வாளர் ஒருவரிடம் சட்டையைக் காட்டி, அவர் சொல்வது எதுவானாலும் வெளியிடுவோம் என்று தீர்மானம் போடுங்கள். அவர் என் கருத்தை மறுத்தாலும் அதையே வெளியிடுங்கள். நிதி கொடுத்த அனைவருக்கும் இந்த விவரங்களைக் கடிதமாக அனுப்புங்கள்.

என் அறிக்கையை அடுத்த கூட்டத்தில் முழுமையாக வாசித்து, நடவடிக்கைக் குறிப்பேட்டில் இணைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள். மன்னர் பெயர் தாங்கிய அட்டையோடுதான் திறப்பு விழா என்றால், நன்றிப் பலகையில் துணிப் பராமரிப்பு என்ற இடத்தில் எழுதியிருக்கும் என் பெயரை அதற்கு முன் நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தின் துணிப் பராமரிப்புத் தன்னார்வலர்